காற்றுக்கு அஞ்சும் கிருமிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சிறுவர்களின் கோலாட்டமும் மகளிரின் இன்னிசையும் நம் உள்ளத்தைக் குளிர்வித்த இம்மேடையில், கிருமிகளைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்கின்றான். "ஆண்டுக்கு ஒரு முறை வரும் நன்னாளில் இவனுக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே. எனினும் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் சீழையும் குருதியையும் ஆராய்ந்தே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்வதே முறை. அன்றியும், இந்தப் பொருளில் நம் குடியிருப்புக்கு நான் செலுத்த வேண்டிய பழைய கடன் ஒன்று உண்டு. முதலில் அதனைக் கூறிவிடுகிறேன்.

1979ஆம் ஆண்டின் கோடைக்காலம். நான் அப்பொழுது ஆய்வுக்கூடப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நம் குடியிருப்பில் ஒரு நண்பர் இருந்தார். என்னினும் பத்து ஆண்டு மூத்தவர். அண்ணா என்றே அவரை நான் அழைப்பேன். கீழ்த் தாடையின் வலப்புறக் கடைவாய்ப்பல் அவரைப் பல வாரங்களாக வருத்தி வந்தது. "விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோமே, அங்கே நம் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம்" என்று அவர் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தார். இந்த ஊரில் மருத்துவர் இல்லாமல் இல்லை. வலி எங்கே, எப்பொழுது, எவ்வாறு என்பதை அயல்மொழியில் விளக்கிச் சொல்வதற்கு அவர் கூசினார். அவ்வளவுதான்.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தாடை வீங்கிற்று. வேறு வழியின்றி மருத்துவமனைக்குச் சென்றார். ஈற்றிலிருந்து கசிந்த சீழைப் பஞ்சுக்குச்சியில் தொட்டெடுத்து, நான் பணிபுரிந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். காலையில் வந்த அந்தக் குச்சி, மாலை வரையில் மேசைமேல் கிடந்தது. பின்னர் நான் அதனை வளர்ப்புத் தட்டில் தேய்த்துச் சூட்டுப்பெட்டியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. "வளர்ச்சி இல்லை" என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். அந்த இரண்டு சொற்கள் என்ன செய்தன என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அவை ஏன் பொய்யாயின என்பதை விளக்குவதே இன்றைய என் பேச்சு.

அன்பர்களே! ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் லீவன்ஹூக் என்ற துணி வணிகர் வாழ்ந்தார். தாமே தேய்த்து அமைத்த சிறு கண்ணாடி வில்லையின் வழியே, 1683ஆம் ஆண்டு, தம் பல்லிடுக்கின் வெண்ணிற அழுக்கை உற்று நோக்கினார். அதனுள் எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்தியும் சுழன்றும் திரிவதைக் கண்டு வியந்து, லண்டன் மாநகரின் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். மனிதன் பாக்டீரியாக்களைக் கண்ணாரக் கண்ட தொடக்கக் காட்சிகளுள் அதுவும் ஒன்று. ஒரு கிராம் பல்லழுக்கில் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடிக் கிருமிகள் வாழ்கின்றன என்றும், மனித வாயில் காணக்கூடியவை 700 இனங்கள் வரை உண்டு என்றும் இன்றைய அறிவியல் கூறுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாமல் வாழ்கின்றவை.

இக்கூட்டத்தில் ஒரு வகையார் விந்தையானவர். காற்றில் உள்ள பிராணவாயு நமக்கு உயிர், அவற்றுக்கோ நஞ்சு. ஆங்கிலத்தில் அவற்றை அனரோப் என்பார்கள். நாம் காற்று வேண்டாக் கிருமிகள் என்று அழைப்போம். இவற்றை முதலில் உணர்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1861ஆம் ஆண்டு, புளிப்பேறும் நீர்மம் ஒன்றின் துளியை அவர் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். துளியின் நடுவில் இருந்த கிருமிகள் துள்ளி ஓடின. காற்றுத் தொடும் ஓரத்தில் இருந்தவையோ அசைவற்றுக் கிடந்தன. காற்றே சில உயிர்களுக்குக் கூற்றாகும் என்பதை அந்த ஒரு துளி அவருக்குக் கற்பித்தது.

"நாள் முழுவதும் மூச்சுக் காற்று போய்வரும் வாயில் காற்று வேண்டாக் கிருமிகள் எவ்வாறு வாழும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பல்லின்மேல் படியும் அழுக்கு, அடுக்கடுக்காக அமைந்த ஒரு குடியிருப்பு. காற்றையும் பயன்படுத்தி, காற்றின்றியும் வாழவல்ல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலிய கிருமிகள் முதலில் வந்து பல்லில் ஒட்டிக்கொள்கின்றன. வரும் பிராணவாயுவை அவை உண்டு தீர்த்துவிடுகின்றன. ஆகவே உள்ளடுக்குகளில் பிராணவாயு இல்லை. ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழ்ந்த பிளவிலும் அதே நிலைதான். அங்கே காற்று வேண்டாதவை குடியேறுகின்றன. தறிநாடாவைப் போல நடு பருத்து இருமுனையும் கூர்த்த ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி, முன்வந்தாரையும் பின்வந்தாரையும் பிணைக்கும் பாலமாக நின்று உதவுகிறது. ஒற்றுமையாக வாழ்வது எப்படி என்பதை இக்கிருமிகளிடமிருந்து நம் சங்கமும் கற்கலாம் போலும்!

பல் சொத்தையாகி அதன் குழி உள்ளிருக்கும் கூழை எட்டும்போது, இவற்றுக்குப் புதிய வாயில் திறக்கிறது. கூழ் அழுகி மடிகிறது. குருதி ஓட்டம் நின்றுபோன அந்தக் குறுகிய வேர்க்குழாய், காற்றுப் புகாத நிலவறை ஆகிவிடுகிறது. 1965ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எக்கிருமியும் இல்லாமல் வளர்த்த எலிகளின் பற்கூழைத் துளையிட்டுத் திறந்துவிட்டார்கள். அப்புண் தானே ஆறிற்று. இயல்பாக வளர்ந்த எலிகளிலோ கூழ் அழுகிச் சீழ் பிடித்தது. ஆகவே துளையினும் பெரிய பகை கிருமியே என்பது தெளிவாயிற்று. 1976ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் உமியோ நகரில் சுண்ட்க்விஸ்ட் என்பவர், அடிபட்டுக் கூழ் மடிந்த 32 பற்களை, காற்றுப் படாத முறையில் ஆராய்ந்தார். வேரடியில் எலும்பு அரித்த 19 பற்களில் 18 பற்களில் கிருமிகள் இருந்தன. கிடைத்த கிருமி வகைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காற்று வேண்டாதவையே! அதற்கு முன் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் இத்தகைய சீழில் ஒன்றும் இல்லை என்றோ, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் உண்டு என்றோ எழுதி வந்தன. கிருமிகள் இல்லாமல் இல்லை. காற்றில் வைத்துத் தேடியதால் அவை அகப்படவில்லை.

சரி, இவற்றைப் பிடிப்பது எவ்வாறு? பெயர் சொல்லி அடையாளம் காண்பது எவ்வாறு? படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி சீழை எடுப்பது. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. பஞ்சுக்குச்சியில் காற்று நிறைந்திருக்கிறது. அது விரைவில் உலர்ந்தும் போகும். ஆதலால், கட்டியின் மேற்பரப்பைத் துடைத்துத் தூய்மை செய்து, ஊசிக்குழலால் சீழை உறிஞ்சி எடுப்பதே நலம். உமிழ்நீர் அதில் கலக்கலாகாது. ஏனெனில் உமிழ்நீரில் எப்பொழுதும் கிருமிகள் உண்டு. அது கலந்தால் வீட்டில் குடியிருப்பவன் யார், திருட வந்தவன் யார் என்று பிரித்தறிய இயலாது. எடுத்த சீழைக் காற்று நீக்கிய சிறு குப்பியில் இட்டு உடனே அனுப்ப வேண்டும். குளிர்பெட்டியில் வைப்பதும் தவறு. அந்தக் குளிரை இவற்றுள் பல தாங்கமாட்டா.

இரண்டாம் படி, ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் பூசி, டென்மார்க் அறிஞர் கிராம் 1884ஆம் ஆண்டு வெளியிட்ட முறைப்படி சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. சில கிருமிகள் ஊதா நிறமாகவும் சில செந்நிறமாகவும் தோன்றும். உருண்டையா, கோலா, கூர்முனைக் கதிரா என்பதும் தெரியும். அரைமணிப் பொழுதில் முடியும் இச்சோதனை ஒரு நல்ல சாட்சி. நுண்ணோக்கியில் கிருமிகள் நிறைந்திருக்க, தட்டில் ஒன்றும் முளைக்காவிட்டால், அங்கே காற்று வேண்டாக் கிருமிகள் இருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும்.

மூன்றாம் படி வளர்ப்பது. குருதி கலந்த ஊட்டக்களியில், ஹீமின், வைட்டமின் கே ஆகிய ஊட்டங்களையும் சேர்த்து, சீழைத் தேய்த்து, காற்றில்லா ஜாடியில் வைக்க வேண்டும். 1916ஆம் ஆண்டு மக்கின்டோஷ், ஃபில்ட்ஸ் என்ற ஆய்வாளர் இருவர் இத்தகைய ஜாடியை அமைத்தனர். ஜாடிக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தினால், பலேடியம் என்ற உலோகத்தின் துணையால் அதுவும் எஞ்சிய பிராணவாயுவும் கூடி நீராகிவிடுகின்றன. உள்ளே வைத்த மெதிலீன் நீலம் நிறமற்றுப் போனால் பிராணவாயு தீர்ந்தது என்று அறியலாம். மூடிய ஜாடிக்குள் மெழுகுவத்தி ஏற்றிவைக்கும் எளிய முறையும் உண்டு. சுடர் அணைந்தவுடன் பிராணவாயு தீர்ந்தது என்று பலர் மயங்குவர். அது பிழை, சுடர் அணைந்த பின்னும் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். ஜாடியை 37 பாகை வெப்பத்தில் வைத்து, இரண்டு நாள் கழித்து முதன்முறையாகத் திறக்கலாம். ஒன்றும் இல்லை என்று கூறுமுன் ஐந்து முதல் ஏழு நாளாவது பொறுக்க வேண்டும். இக்கிருமிகள் மெல்ல வளர்பவை. அவசரக்காரனுக்கு அவை முகம் காட்டுவதில்லை.

நான்காம் படி அடையாளம் காண்பது. முளைத்த ஒவ்வொரு கூட்டத்தையும் இரண்டு தட்டில் தேய்த்து, ஒன்றைக் காற்றிலும் மற்றொன்றை ஜாடியிலும் வைக்க வேண்டும். ஜாடியில் மட்டும் வளர்ந்தால் அது காற்று வேண்டாதது. குருதித் தட்டில் சில கூட்டங்கள் நாளடைவில் பழுப்பாகிப் பின் கருமையாக மாறும். இத்தகைய கிருமியை 1921ஆம் ஆண்டு ஆலிவர், வெர்ரி என்போர் விளக்கி எழுதினர். குருதியின் நிறப்பொருளிலிருந்தே அக்கருமை பிறக்கிறது. கருமை படர்வதற்கு முன்பே, புறஊதா விளக்கொளியில் அவற்றுள் பல செங்கல் நிறத்தில் ஒளிரும். ஃபியூசோபாக்டீரியமோ வெண்ணெய் கெட்டாற்போன்ற நாற்றமுடைய பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்கும். பின்னர், குறித்த அளவு மருந்தேற்றிய சிறு வில்லைகளைத் தட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வான்கோமைசினுக்கு அடங்காமல், கானமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்குவது ஃபியூசோபாக்டீரியத்தின் இயல்பு. ஈறுகளை அரிக்கும் போர்ஃபிரோமோனாஸ் அதற்கு நேர் எதிராக வான்கோமைசினுக்கு அடங்கி, மற்ற இரண்டுக்கும் அடங்காது. இவ்வாறு பல குறிகளைச் சேர்த்தே பெயர் கூறுவர். இன்று பெரிய ஆய்வுக்கூடங்களில், கிருமியின் புரதங்களை ஒளிக்கற்றையால் பறக்கவிட்டு எடைபார்க்கும் மால்டி என்ற கருவி சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடுகிறது. கிருமியின் மரபணுவைப் படித்து, வளர்க்க முடியாதவற்றையும் அறிகிறார்கள். ஆனால் மால்டி கருவிக்கும் முதலில் கிருமியை உயிரோடு வளர்த்துக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் சீழை எடுத்தவர் கவனமின்றி இருந்தால், முடிவில் உள்ள கருவியின் பெருமை பயன்படாது.

இனி என் கதைக்கு வருகிறேன். அன்று நான் நுண்ணோக்கியில் பார்க்காமல் இல்லை. செந்நிறக் கோல்கள், கூர்முனைக் கதிர்கள், ஊதா நிற உருண்டைகள் என்று அந்தப் பூச்சு முழுவதும் கிருமிகள் நிறைந்திருந்தன. தட்டில் ஒன்றும் இல்லையே என்று, கண்டதைக் குறிக்காமல் விட்டேன். முளைக்காததை மட்டும் எழுதினேன். எங்கள் கூடத்தில் அன்று மெழுகுவத்தி ஜாடி தவிர வேறு ஜாடி இல்லை என்பது உண்மை. ஆனால் "நுண்ணோக்கியில் கிருமிகள் மிகுதி, காற்றில்லா முறையில் வளர்க்கும் வசதி இங்கு இல்லை" என்று ஒரு வரி எழுத எந்தக் கருவி வேண்டும்?

அறிக்கையைக் கண்ட அண்ணா மகிழ்ந்தார். பல்லைப் பிடுங்க வேண்டும் என்ற பேச்சு அத்துடன் நின்றது. வீட்டில் எஞ்சியிருந்த மாத்திரைகளில் நான்கைந்தை விழுங்கிவிட்டுக் குடும்பத்தோடு வண்டி ஏறினார். இரவில் வீக்கம் தாடையின் கீழே இருபுறமும் பரவிற்று, நாக்கு மேலெழுந்து அண்ணத்தை முட்டிற்று, உமிழ்நீரையும் விழுங்க முடியவில்லை, மூச்சுத் திணறிற்று. லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836ஆம் ஆண்டு விளக்கிய கொடிய நோய் அது. நாகபுரியில் அவரை இறக்கினார்கள். அவ்வூர் மருத்துவர்கள் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்து, சீழை வடித்து, பல்லையும் அகற்றி உயிரைக் காத்தார்கள். அவருடைய துணைவியார் இரண்டு குழந்தைகளுடன், மொழி தெரியாத ஊரில், மருத்துவமனை வாயிலில் பதினெட்டு நாள் காத்திருந்தார்.

அண்ணா திரும்பி வந்தபின் அவரைக் காணச் சென்றேன். கழுத்தில் தழும்பு இருந்தது. அங்கே ஊசியால் எடுத்த சீழின் அறிக்கையை என்னிடம் நீட்டினார். பாக்டீராய்ட்ஸ் மெலனினோஜெனிகஸ், ஃபியூசோபாக்டீரியம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று மூன்று பெயர்கள் அதில் இருந்தன. 1921இல் விளக்கப்பட்ட கருநிறக் கூட்டத்தைச் சேர்ந்த முதற்கிருமி, 1990 முதல் பிரவோடெல்லா என்ற பெயரால் வழங்குகிறது. "தம்பி, இவை உன் தட்டில் ஏன் முளைக்கவில்லை?" என்று அண்ணா கேட்டார். அக்குரலில் சினம் இல்லை; அறிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. என்னால் அன்று விடை கூற இயலவில்லை. அதன்பின் பணி ஓய்வு பெறும்வரை, இத்தகைய சீழுக்கு வெறும் "வளர்ச்சி இல்லை" என்று நான் எழுதியதே இல்லை. அவருக்கு அன்று சொல்லாத விடையைத்தான் இன்று உங்கள் முன் சொன்னேன்.

இதனால் நாம் கொள்ள வேண்டியவை யாவை? முதலாவது, பல் வீக்கத்துக்கு முதல் மருந்து மாத்திரை அன்று. சீழை வடிப்பதும், கெட்ட பல்லுக்கு மருத்துவம் செய்வதுமே. காற்று வேண்டாக் கிருமிகளை அடக்கும் மெட்ரோனிடசோல் என்ற மருந்தின் கதை சுவையானது. வேறொரு நோய்க்காக அதை உண்ட ஒருவருக்கு ஈற்றுப் புண்ணும் ஆறியதைக் கண்டு, ஷின் என்ற பல் மருத்துவர் 1962ஆம் ஆண்டு அதனை வெளியிட்டார். சிறந்த மருந்துதான். ஆயினும் உடனிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதற்கு அடங்காது; மூடிய கட்டிக்குள் எந்த மருந்தும் எளிதில் புகாது. ஆகவே எஞ்சிய மாத்திரைகளை நாமே விழுங்குவது வலியைச் சிறிது தணித்து, ஆபத்தை மறைக்கும் செயலாகும்.

இரண்டாவது, தாடையின் கீழ் வீக்கம், வாயைத் திறக்க இயலாமை, விழுங்குவதில் துன்பம், குரல் மாற்றம், காய்ச்சல் ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. அந்த இரவே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உடையவர்கள் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, அறிக்கையில் ஒன்றும் இல்லை என்றிருந்தும் வீக்கம் குறையவில்லையானால், அந்தத் தாளைவிட உங்கள் தாடையை நம்புங்கள். நோயை அறிந்து அதன் முதலையும் தேட வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில் கூறிய அறிவுரை, பல் நோய்க்கும் பொருந்துவதே.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அண்ணாவின் நோய் கிருமியால் மட்டும் வளரவில்லை. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற தயக்கத்தாலும் வளர்ந்தது. அத்தயக்கம் இன்றும் நம் பெரியவர் பலரிடம் இருக்கிறது. மகன் வீட்டுக்கு அண்மையில் வந்து சேர்ந்த தாய் தந்தையரிடம் மிகுதியாகவே இருக்கிறது. நம் இளைஞர்கள் இந்த ஊரின் மொழியில் சரளமாகப் பேசுகிறார்கள். மொழி தெரியாத முதியவர் ஒருவர் மருத்துவரிடம் செல்லும்போது, உடன் சென்று அவர் சொல்வதை எடுத்துரைக்க நான்கு இளைஞர்கள் முன்வரட்டும். அவர்கள் பெயரைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். நாடகம் போடவும் நூலகம் நடத்தவும் தெரிந்த நம் சங்கத்துக்கு இது அரிய செயல் அன்று. அந்தப் பட்டியலில், ஆய்வுக்கூட அறிக்கையைப் படித்து விளக்கும் பணிக்கு, முதற்பெயராக என் பெயரைக் குறித்துக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.